ராய்ஸ் ஹேட்லியின் விவாகரத்துக் கோப்பு

"குடும்ப வரலாறு எழுதுறேன்," என்றார் அந்தப் பெண்மணி, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

எங்கள் கவுண்டி நீதிமன்றத்தில் கோப்பு கேட்டு வருகிற எல்லோரும் குடும்ப வரலாறுதான் எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வேலித் தகராறைப் படிக்க வருகிறவரும், வரப்போகும் மருமகன் மேல் என்னென்ன வழக்கு என்று பார்க்க வருகிறவரும் வரலாற்று ஆசிரியர்கள்தான்.

டெக்சஸில் உரிமையியல் வழக்குக் கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எதற்கு என்று விசாரிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. காது இருக்கிறது, அது போதும்.

"யாரோட கோப்பு வேணும்?"

"ராய்ஸ் ஹேட்லி. விவாகரத்து. வருஷம் தெரியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வர்ற சனிக்கிழமை எனக்கும் அவருக்கும் கல்யாணம்," என்றார்.

குடும்ப வரலாறு அத்தோடு முடிந்தது.

அவர் பெயர் வெல்டா. பக்கத்துக் கவுண்டிக்காரர். அறுபதை ஒட்டிய வயது. அன்று காலையில்தான் முடியைச் சுருட்டிவிட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டவே பயந்தார்.

"தங்கமான மனுஷன் கண்ணு. சர்ச்ல மீன் வறுவல் விருந்துல பாத்தேன். முதல் பொண்டாட்டி காரணமே இல்லாம விட்டுட்டுப் போயிட்டாளாம். நாயையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டாளாம். காரணமே இல்லாமயா ஒருத்தி போவா? அதைப் பாத்துட்டுத்தான் கழுத்தை நீட்டணும்னு வந்தேன்."

நாய் தானாகத்தான் வண்டியில் ஏறியது. அதெல்லாம் கோப்பில் இருக்காது.

பழைய வழக்குகள் கணினியில் வராது. கீழ்த்தளத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். வருடம் தெரியாமல் இறங்கினால் அரை நாள் போய்விடும். நான் போன கையோடு திரும்பினேன்.

"அதுக்குள்ளயா? கெட்டிக்காரிதான் நீங்க," என்றார் வெல்டா.

எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. உள்ளே இருப்பதை விளக்கிச் சொன்னால் அது சட்ட ஆலோசனை ஆகிவிடும். எனவே ஏற்கனவே அடுக்கியிருந்த தாள்களை மறுபடி அடுக்கியபடி நின்றேன்.

வெல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"படகு தனக்கு வேணும்னு கேட்டிருக்கார். மீன் வறுக்கிற பெரிய சட்டியும் வேணுமாம். நாயை மட்டும் கேக்கவே இல்லையே."

"இல்ல, கேக்கல," என்று சொல்லிவிட்டு, "அப்படியா இருக்கு?" என்று சமாளித்தேன்.

"காரணம்னு என்ன போட்டிருக்கு பாருங்க. ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகல. அவ்வளவுதானா?"

"எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."

"அடிச்சாரு, குடிச்சாருன்னு ஒண்ணும் இல்ல," என்று முகம் மலர்ந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராய்ஸ் கெட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போனால் செவ்வாய்க்கிழமை வருவான். அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

கடைசித் தாளில் வெல்டாவின் விரல் நின்றது.

"இது என்ன கண்ணு? 'வாய்தாவுக்கு இரு தரப்பும் ஆஜராகாததால் மனு தள்ளுபடி'ன்னு இருக்கு."

கோப்பை என் பக்கம் இழுத்தேன். அது மரியாதை இல்லைதான்.

மனு கொடுத்துவிட்டால் மட்டும் விவாகரத்து ஆகிவிடாது, நீதிபதி முன்னால் வந்து நிற்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆயிற்று என்று இந்த ஜன்னலில் நின்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடுதான் சொல்வேன். இங்கே அவன் போவான் என்று அவள் இருந்திருக்கிறாள், அவள் போவாள் என்று அவன் இருந்திருக்கிறான். தள்ளுபடி நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், தூண்டில் பெட்டிக்கு அடியில் பிரிக்காமலே கிடந்திருக்கும்.

"விவாகரத்து ஆகவே இல்லைன்னு அர்த்தம்," என்றேன். சட்ட ஆலோசனையெல்லாம் அப்போது நினைவில் இல்லை.

வெல்டா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவருக்கு இன்னும் பொண்டாட்டி இருக்காளா? ஊரையே சாப்பிடக் கூப்பிட்டுட்டேனே." பிறகு பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "நடீன் ஃபே ஹேட்லி. இந்தப் பொம்பளைய எங்கன்னு போய்த் தேடுறது?"

பின் மேசையில் நகல்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த ஓப்பல் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"உங்க எதிர்லதான் நிக்கிறா."

அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். திறந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை; வெறும் வீம்பு. முடிந்துபோன கதையை எதற்குக் கிளறுவது என்ற வீம்பு.

வெல்டா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோப்பின் மேல் இருந்த என் இடது கையைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு," என்றார், ரொம்ப மெதுவாக, "அப்ப இந்தக் கல்யாண மோதிரம் யாரு போட்டது?"

ராய்ஸ் போட்டதில்லை. 'மதிய உணவு இடைவேளை' என்ற பலகையை எடுத்து ஜன்னலில் வைத்தேன். மேசையில் என் காலைக் காபி இன்னும் ஆறவில்லை.