தண்டாயுதபாணி கூப்பிடுகிறார்

செத்துப்போன ஆளிடமிருந்து போன் வந்தால் யாருக்குத்தான் எடுக்கக் கை வரும்?

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ரமேஷ்குமார், திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தண்டாயுதபாணியின் பெயர். போன வாரம்தான் திருச்செங்கோட்டுக்குப் போய் அவருக்கு மாலை போட்டுவிட்டு வந்திருந்தான்.

மணி அடித்து ஓய்ந்தது. பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

அதைத் தட்டினான். முதலில் அவருடைய வழக்கமான இருமல். பிறகு அதே குரல்.

“சாமி, பாலிசி தேதி முடியப் போகுதுங்க. ஒரு நாள்கூட உட்றாதீங்க. இன்னைக்கே கட்டிப்போடுங்க.”

அவனுக்கு முதுகு சில்லிட்டது. நாளையோடு பாலிசி முடிவது உண்மைதான். வேண்டுமென்றேதான் கட்டாமல் வைத்திருந்தான். வரும் இருபத்திரண்டாம் தேதியிலிருந்து மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. கொஞ்சம் பொறுத்தால் பதினெட்டு சதவீதம் மிச்சம். மனைவி தமிழ்ச்செல்விக்கு இருதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. அதனாலென்ன, நாலு நாளில் என்ன ஆகிவிடும்?

ஆனால் இன்னும் கட்டாதது செத்தவருக்கு எப்படித் தெரியும்?

பயம் தணிந்ததும் கோபம் வந்தது. பேய் எங்கேயாவது வாட்ஸ்அப் அனுப்புமா? எல்லாம் அவர் மனைவி பொன்னாத்தாள் வேலை. காரியம்கூட முடியவில்லை, அதற்குள் கமிஷன் ஆசை. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பைக்கை எடுத்தான்.

திருச்செங்கோட்டில் அந்த வீட்டு வாசலில் கால் வைத்ததுமே உடம்பு சிலிர்த்தது. இருட்டடைந்த உள்ளறையிலிருந்து மறுபடி அந்த இருமல். “சாமி, பாலிசி தேதி முடியப் போகுதுங்க…”

மாலை போட்ட அவர் படத்துக்கு முன்னால் பொன்னாத்தாள் அவருடைய போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க, செத்தவரு குரல்ல இப்படிப் பயமுறுத்தலாமுங்களா?”

அவள் நிமிரவில்லை. தனக்குப் பேச வாய் வரவில்லை என்றும், போன வருஷம் அவர் எல்லோருக்கும் அனுப்பியதையே இப்போதும் அனுப்புவதாகவும் சொன்னாள். கமிஷன் அவரோடு நின்றுவிட்டதாம்.

“அப்புறம் எதுக்குங்க இந்த வேலை?”

“அவருக்கு மாரடைப்பு வந்தப்ப எங்க பாலிசி செல்லலீங்க. இந்த ஊட்ட அடமானம் வெச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டுனேன்” என்றாள் பொன்னாத்தாள். “ஊரையே தேதிக்குள்ள கட்டச் சொன்ன மனுசன், எங்களுத மட்டும் வரி எடுத்ததுக்கப்புறம் கட்டிக்கலாம்னு உட்டு வெச்சிருந்தாருங்க.”