பத்துக்கு நாலு

"பத்துக்கு நாலு," என்றார் ஒடிலோன், கிளாஸை மேசைமேல் வைத்தபடி.

மார்லீனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பீப்பாயில் புளிக்கவிட்ட பீரில் செர்ரிப் பழங்களைக் கொட்டி, எட்டு மாதம் காத்திருந்து, தன் கையாலேயே வடித்தெடுத்த 'கிரீக்' என்ற செர்ரி பீர் அது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அந்த ஊரே அவள் கடையில்தான் கூடும். வருகிற எல்லோரும் தீர்ப்புச் சொல்வார்கள். ஆனால் ஒடிலோன் வாயைத் திறந்தால் கடையே அமைதியாகிவிடும். முப்பது வருஷம் தபால்காரராக வீடு வீடாகப் போய், அங்கங்கே நீட்டிய பீரையெல்லாம் ருசிபார்த்து வளர்த்த நாக்கு.

"என்ன குறை, ஒடிலோன்?"

"கொட்டை வாசனை தூக்குதும்மா. பழத்தைத் தேடினா பாதாம் பருப்புதான் கிடைக்குது."

ஒரே ஒரு வாய்தான் குடித்திருந்தார். மிச்சத்தை எதிரே காப்பியோடு உட்கார்ந்திருந்த கமீல் பக்கம் தள்ளினார். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள்.

"நான் சொல்றது பொய்யான்னு நீயே பாருடா."

கமீல் ஒரு மடக்கு குடித்தார். யோசித்தார். இன்னொரு மடக்கு குடித்தார்.

"உன் மூக்குதான் கெட்டுப்போச்சு. நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருந்தா நீயே குடி. எனக்கு ஒரு சாதா பீர் குடு, மார்லீன்."

அடுத்த ஞாயிறு வேறொரு பீப்பாயைத் திறந்தாள். அதில் கொட்டை நீக்கிய பழம்.

"மூணரை," என்றார் ஒடிலோன். "புளிப்பே இல்லை. ஜாமைத் தண்ணியில கரைச்ச மாதிரி இருக்கு."

அதற்கடுத்த வாரம் மூன்று வருஷப் பழைய பீரைக் கலந்து கொடுத்தாள்.

"இப்ப தாடையைப் பிடிச்சு இழுக்குது. இதை சாலட்ல ஊத்து, நல்லாருக்கும்."

ஒவ்வொரு முறையும் ஒரே வாய். ஒவ்வொரு முறையும் கிளாஸ் மேசையின் அந்தப் பக்கம் போகும். கமீல் அவரோடு சண்டை போட்டபடியே கடைசிச் சொட்டுவரை குடித்து முடிப்பார்.

மார்லீனின் கணவன் ரூடிக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஆள் சொல்றதை ஏன் காதுல வாங்கறே? மத்தவங்க எல்லாரும் ரெண்டாவது கிளாஸ் கேட்கறாங்க."

"மத்தவங்க எது குடுத்தாலும் குடிப்பாங்க. அவர் நாக்கு வேற."

அக்டோபரில் பக்கத்து டவுனில் பீர் திருவிழா. மார்லீன் முதன்முறையாகப் பெயர் கொடுத்திருந்தாள். எதை அனுப்பப்போகிறாள் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அந்த ஞாயிறு கடைசி முயற்சியாக, செர்ரி பீரோடு கொஞ்சம் ராஸ்பெர்ரி பீரும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

ஒடிலோன் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரோஜா நிறத்தில் நுரை. முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள்ளேயே உருட்டினார். விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"மூணு," என்றார். "சென்ட் பாட்டிலைத் திறந்த மாதிரி இருக்கு."

கிளாஸ் கமீல் பக்கம் நகர்ந்தது.

மார்லீன் அழவில்லை. ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"சரி, போதும். நாளைக்கு எல்லாப் பீப்பாயையும் சாக்கடையில கவுத்துடறேன். திருவிழாவுக்குக் குடுத்த பேரையும் எடுத்துடறேன். எனக்கு இது வராது."

"அவன் கிடக்கறான், மார்லீன்," என்றார் கமீல், உதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டே. "அவனுக்கு நாக்கு மரத்துப்போய்ப் பத்து வருஷமாச்சு. இதைக் குடிச்சுட்டு மூணுங்கறவனை என்னன்னு சொல்றது?"

அவள் காலிக் கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள்.

இருவரும் கிளம்பினார்கள். ஒரே நிமிஷத்தில் ஒடிலோன் மட்டும் அவசரமாகத் திரும்பி வந்தார்.

"தொப்பியை விட்டுட்டேன்."

"தலையிலதானே இருக்கு."

தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பீப்பாயைக் கவுத்துடாதேம்மா."

"மூணு மார்க் பீரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"மூணு இல்லை. முதல் வாரம் குடுத்தியே, அதுவே ஒம்பது. இன்னிக்குக் குடுத்தது பத்து. எனக்கு அறுபத்தேழு வயசு, இப்படி ஒண்ணை நான் குடிச்சதில்லை. திருவிழாவுக்கு அதை அனுப்பு."

மார்லீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்னே என்னை ஏன் இந்தப் பாடு படுத்தினீங்க? ஒரு மாசமா நான் தூங்கலை."

ஒடிலோன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெளியே கமீல் விசில் அடித்தபடி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"தப்புதான். நீ இவ்வளவு மனசுல எடுத்துப்பேன்னு நினைக்கலை. அவன் வேலை பார்த்த அட்டைப்பெட்டி ஆலையை மூடினதுலேர்ந்து யார் வாங்கிக் குடுத்தாலும் தொடறதில்லை. திருப்பி வாங்கிக் குடுக்க முடியலையாம், அந்த வைராக்கியம். வெறும் காப்பியைக் குடிச்சுட்டு எழுந்து போயிடுவான். நான் நல்லாயில்லைன்னு ஒதுக்கினதை மட்டும்தான், என்னைத் திட்டிக்கிட்டே குடிக்கிறான்."

மார்லீன் ஜன்னல் வழியாகக் கமீலைப் பார்த்தாள். பிறகு ஏப்ரனை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் பெரிய கிளாஸ்ல தர்றேன், ஒடிலோன். நல்லாத் திட்டுங்க."