இனாசு செய்த ஸ்டாண்டு

"விரலைக்கூட வைக்கலையேடா! எதுக்குடா கூலி?"

இனாசு போட்ட கத்தலில் எதிர் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தம்ளரோடு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இனாசுவின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த கம்ப்ரஸரை லாரியிலிருந்து இறக்கியது கிரேன். நீலச் சட்டையும் தலையில் துண்டுமாக ஜங்ஷன் சுமைக்காரர்கள் நாலு பேர் ஓரமாக நின்று பார்த்தார்கள். அவ்வளவுதான்.

"நின்னோம்ல, சேட்டா" என்றான் சுப்ரன். அந்த நாலு பேருக்கும் அவன்தான் தலைவன். "நாங்க இறக்கினா இறக்குகூலி, மெஷின் இறக்கினா நோக்குகூலி. இது நான் போட்ட சட்டமா? ஊர் வழக்கம்."

"பார்த்ததுக்குக் கூலி! மாதா கோவில் வாசல்ல உக்காந்திருக்கானே, அவன் உங்களைவிட மேலு. அவனாவது கும்பிடு போட்டு வாங்குறான்."

சுப்ரன் காசை வாங்கிக்கொண்டு, "வரட்டுமா சேச்சி" என்று இனாசுவின் மனைவி ரோசிலியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

இனாசுவுக்கு அடுத்த தேவை எஞ்சின் ஸ்டாண்டு. ஒர்க்‌ஷாப் திறந்து எட்டு மாதம் கழித்து முதல் பெரிய வேலை வந்திருந்தது. ரப்பர் தோட்டத்து ஜீப். எஞ்சினை வெளியே எடுத்து, மாட்டி, திருப்பித் திருப்பி வேலை பார்க்க ஸ்டாண்டு இல்லாமல் ஆகாது. இதை ஒழுங்காக முடித்தால் தோட்டத்து வண்டி அஞ்சும் இவனிடம்தான் வரும். சொதப்பினால் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி துபாய்க்கு விசா தேட வேண்டியதுதான்.

கோயம்புத்தூருக்கு ஒரு போன் போட்டால் ரெடிமேட் ஸ்டாண்டை மறுநாளே லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

"லாரியில வந்தா அவனுங்க வந்து நிப்பானுங்க. நானே செஞ்சுக்கறேன்."

"அவங்க மேல இருக்குற கோவத்தை வச்சு வெல்டிங் பண்ணப் போறீங்களா?" என்றாள் ரோசிலி.

"ஸ்டாண்டுன்னா என்னடி பெரிசா? நாலு இரும்பு, நாலு சக்கரம்."

கோவிலில் கழற்றிப் போட்ட பழைய கேட்டின் சட்டம் கிடைத்தது. மீன்காரரின் உடைந்த தள்ளுவண்டியிலிருந்து சக்கரம் கிடைத்தது. எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு வந்தான்.

"ஒரு கை பிடிக்கட்டுமா, சேட்டா?" என்றான் சுப்ரன்.

"கண்ணை மூடிக்க. பார்த்தா காசு கேப்ப."

மூன்று நாள் வெல்டிங். நாலாம் நாள் பச்சைப் பெயின்ட். ரோசிலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எஞ்சின் முன்னாடிதானே தொங்கப்போகுது? முன்கால் ரெண்டும் குட்டையா இருக்கே?"

"சட்டம் அவ்வளவுதான் வந்துச்சு. அது போதும். நீ போய் மீனை வறு."

"மீன் சட்டிக்கே அடி அகலமா இருந்தாத்தான் அடுப்புல நிக்குது."

சனிக்கிழமை காலையில் எஞ்சினை ஸ்டாண்டில் போல்ட் போட்டு முடுக்கி, மேலே பிடித்திருந்த சங்கிலியைத் தளர்த்தினான். நின்றது. ஆடாமல் நின்றது.

"வாடி, வந்து பாரு! கோயம்புத்தூர்க்காரன் என்ன, வானத்துலயிருந்தா இரும்பு கொண்டு வர்றான்?"

வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று வாசல் பக்கம் இழுத்தான். முன்சக்கரம் தரை வெடிப்பில் இறங்கியது. ஸ்டாண்டு பின்னால் தூக்கிக்கொண்டது. எஞ்சின் தலைகுப்புற வந்து அவன் வலது காலில் விழுந்தது.

ரோசிலி போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடி வந்தவை அந்த நீலச் சட்டைகள்தான். நாலு பேரும் ஒரே மூச்சில் எஞ்சினைத் தூக்கினார்கள். அடுத்த மூச்சில் இனாசுவைத் தூக்கி ஆட்டோவில் படுக்க வைத்தார்கள்.

முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் போயிருந்தன. மூன்று மாதம் காலை ஊனக் கூடாது என்றார் டாக்டர். தோட்டத்துக்காரர்கள் ஜீப்பையும் எஞ்சினையும் வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஷட்டர் இறங்கியது. ரோசிலியின் கையில் வளையலைக் காணோம். எங்கே என்று இனாசு கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய?

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ரோசிலி பூசை முடிந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, சுப்ரன் வாசலில் நின்றான். கையில் ஒரு கவர்.

இனாசுவுக்குப் புரிந்துவிட்டது.

"வாடா, வா. எங்கே இன்னும் காணோமேன்னு பார்த்தேன். எஞ்சினைத் தூக்கினது ஒரு கூலி, என்னைத் தூக்கினது ஒரு கூலி. ஆட்டோவுல ஏத்தினதையும் எழுதிட்டியா, விட்டுட்டியா?"

"சும்மா இருங்க!" என்றாள் ரோசிலி.

"காலுக்குக் கட்டு போட்ட டாக்டர் வாயை விட்டுட்டாரே, சேச்சி" என்றபடி சுப்ரன் கவரைக் கட்டிலில் வைத்தான்.

இனாசு வெடுக்கென்று பிரித்தான். பில் இல்லை. உள்ளே கசங்கிய நோட்டுகள், பழசும் புதுசுமாக.

"என்னடா இது?"

"நோக்குகூலி."

"எனக்கு எதுக்குடா?"

"சும்மா நின்னு வாங்குற காசை நாங்க யாரும் வீட்டுக்குக் கொண்டுபோறதில்ல, சேட்டா. பாரம் விழுந்து படுத்துட்டவன் வீட்டுல உலை வைக்கன்னு மாசாமாசம் குடுத்துடுவோம்."

சுப்ரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"இந்த மாசம் ஜங்ஷன்ல பாரம் விழுந்து படுத்திருக்குறது நீங்க ஒருத்தர்தான்."