ஐட்லிங் நிற்கவில்லை

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்தது.

ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை. அதே பழைய பியட், அதே கோளாறு. ஐட்லிங் நிற்கவில்லை: பெடலை மிதிக்காவிட்டால் இன்ஜின் ஓடுவதில்லை.

தோத்தாத்ரி சார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் மனைவியை ஏற்றிக்கொண்டு தானே வண்டியை ஓட்டித் திருநீர்மலைக்குக் கிளம்புவார். இந்த மாதம் ஒரு தடவைகூடக் கோயில் வரை போய்ச் சேரவில்லை.

"தாம்பரத்துல நல்ல மெக்கானிக்கே கிடையாதாய்யா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து டீக்கடைக்குப் போனார்.

ஜெயவேலுவுக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாக ஷெட் வைத்திருப்பவன். போன வாரம்தான் பிளக்கைத் தேய்த்து, ஏர் ஃபில்டரைத் தட்டி, கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, ஜெட்டை ஊதி மாட்டியிருந்தான். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி நிறுத்தி, அது நகர்ந்தால் தெரியட்டும் என்று அதன் தலையில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடும் போட்டிருந்தான்.

பானட்டைத் தூக்கினான்.

கோடு முக்கால் சுற்றுத் திரும்பியிருந்தது. தானாகத் தளரவில்லை. ஸ்க்ரூவின் தலையில் கத்தி முனை கீறிய தடம்.

மாமி முன்சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். போன வாரம் இதே இடத்தில் நின்று, இது எதற்கு, அது எதற்கு என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது அவனுக்கு நினைவு வந்தது.

"நான்தான் திருகினேன். சரி பண்ணிடாதேப்பா."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா மாமி இது? என் பேரு கெட்டுக்கினு கீது."

மாமி டீக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் வரட்டும், போட்டு உடைத்துவிடுவது என்று இருந்தான்.

சார் வந்தார். கோபம் ஆறியிருக்க வேண்டும். அவனுக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தார். கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

அது தரையில் விழுந்து சிதறியது. பெஞ்சு அரையடி தள்ளி இருந்தது.

"பெஞ்சை யாருய்யா நகத்தினது?"

தரையோடு சிமென்ட் போட்டு இறுக்கிய பெஞ்சு.

மாமி குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். நிமிரவில்லை.

"இப்பத்தான் சார் நவுத்தினேன்," என்றான் ஜெயவேலு.

ஸ்க்ரூ டிரைவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பானட்டை இறக்கி மூடினான்.

"ஆட்டோ புடிச்சித் தரேன், கோயிலுக்குப் போய்ட்டு வாங்க சார். இந்த வண்டி நம்மளால ஆவாது."