திட்டத்தின் சொந்தக்காரர்

பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்து படிக்கும் மையத்தில் சாய்ந்த வெயில் கணினித் திரையில் விழுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கையாளக் கற்றுத்தர வந்த பயிற்சியாளர், ஆண்டுத் திட்டத் தாளைப் பிரித்து வைத்திருக்கும் மையப் பொறுப்பாளரிடம், "கருவி அப்புறம் சார். இந்த வருஷம் பிள்ளைங்க எதை எட்டணும்? தாளை மூடிட்டுச் சொல்லுங்க" என்கிறார். பொறுப்பாளர் மூடிய தாளின் ஓரத்தை மெல்லத் தூக்குகிறார். மண்டையை உடைத்துக்கொண்டு அந்தத் திட்டத்தை எழுதிய ஆசிரியை கடைசி நாற்காலியில் இருக்கிறாள். அதில் அவள் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் பொறுப்பாளர். மின்விசிறி கடகடக்கிறது. அவர் காதோரம் வியர்வை இறங்குகிறது. "டீச்சர், நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று குழைகிறார். திக்கித் திக்கிப் படிக்கும் பதினாலு பிள்ளைகள், அவரவருக்கு ஏற்ற கதைகள் என்று ஒவ்வொரு வரியும் அவள் நாக்கு நுனியில் நிற்கிறது. "உங்க திட்டமாச்சே சார். நீங்களே சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்கிறாள். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்புகின்றன. அவள் அவசரமில்லாமல் கைகட்டிச் சாய்ந்து உட்காருகிறாள், நெஞ்சு குளுகுளுவென்றிருக்கிறது.