திண்டிவனத்து க்ளிக்

அத்தையின் விரல் விளம்பரத்தின் மேல் இறங்குவதை ஜன்னலுக்கு வெளியில் நின்றே பார்த்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டி விளம்பரம். திறந்தது. மூடினார். மறுபடியும் தொட்டார்.

அடக் கடவுளே, இவரேதான்!

ஒரு வாரமாகச் சோறு தண்ணி இறங்காமல் விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கிறவனை எல்லாம் சந்தேகப்பட்டிருக்கிறேன். எங்களை மாதிரியே சந்தை விலை போடும் இணையதளம் நடத்துகிற வளவனூர் மாசிலாமணிக்குப் போன் போட்டு, வாய்க்கு வந்தபடி திட்டியும் விட்டேன்.

“யக்கா, என் சைட்டயே பாக்க நாதி இல்ல. உங்க சைட்டுல வந்து நான் இன்னாத்துக்குக் க்ளிக் பண்ணிக்கினு கெடக்கப் போறேன்?” என்றான்.

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

எங்கள் தளம் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியிலும் திண்டிவனம் கமிட்டியிலும் இன்றைக்கு மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, என்ன விலைக்குப் போனது, உளுந்து என்ன விலைக்குப் போனது என்று போடுவோம். மூட்டையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் விவசாயிகள் பார்த்துக்கொள்வார்கள். என் கணவர் பிரவீன் ஆரம்பித்தது. பக்கத்தில் வருகிற விளம்பரத்தைப் பார்க்க வருகிறவர்கள் தொட்டால் காசு, நாங்களே தொட்டால் குற்றம். அந்தக் காசில்தான் தளமும் ஓடுகிறது, என் வீடும் ஓடுகிறது.

விளம்பரக் கணக்கு அவர் பெயரில். போன தவக்காலத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் அவர் பெயரில்தான். விளம்பரக் கம்பெனியிடம் நான் மூச்சு விடவில்லை. அவர் பாஸ்வேர்டைப் போட்டு அவராக உள்ளே போகிறேன், அவராக வெளியே வருகிறேன்.

அந்தப் பெயருக்குத்தான் எச்சரிக்கை வந்தது. அன்புள்ள சகாய பிரவீன், உங்கள் விளம்பரங்களை யாரோ வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் தொடுகிறார்கள், தொடர்ந்தால் கணக்கு மூடப்படும் என்று. மூடினால் மூடியதுதான். முறையிடலாம், ஆனால் கணக்குக்கு உரிய ஆளைக் காட்டு என்பார்கள். ஆளுக்கு நான் எங்கே போவேன்?

தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று தோண்டிப் பார்த்தேன். எல்லா க்ளிக்கும் திண்டிவனத்திலிருந்து. எல்லாம் ஒரே போனிலிருந்து. எந்த மாடல் என்று படித்தவுடன் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டேன்.

அது பிரவீனின் போன். அவரோடு சேர்ந்து லாரிக்கடியில் நொறுங்கிப்போன போன்.

சிலுவை போட்டுக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க அந்த லேப்டாப் பக்கமே போகவில்லை. அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அதே மாடலில் அவர் இரண்டு வாங்கினார். இன்னொன்று திண்டிவனத்தில் இருக்கிற அவருடைய அம்மாவுக்கு.

பஸ் பிடித்து வந்துவிட்டேன். இன்று ஒரு பிடி பிடித்துவிடுவது என்றுதான் உள்ளே நுழைந்தேன்.

“அத்த, இன்னா பண்றீங்க நீங்க? கணக்கையே மூடிடுவாங்க! இதத் தொடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அந்தோணிமேரி அத்தை பதறவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டார்.

“தெரியும்மா. அவன்தான் சொன்னான்.”

“தெரிஞ்சுக்கினேவா?”

போன் திரையை முந்தானையால் துடைத்தார்.

“வேல வேலன்னு அவன் எங்க எனக்குப் போன் பண்ணான்? ஒருநாளு தெரியாம இதுல கை பட்டுடுச்சு. நாலஞ்சு வாட்டி பட்டுடுச்சு. அன்னிக்கே போன் பண்ணிட்டான். ‘யம்மா, அதத் தொடாதம்மா, சொன்னா கேளு’ன்னு ஒரே கத்து. அதுலருந்து அவன் கொரலக் கேக்கணும்னு இருந்தா இதத் தொடுவேன். திட்டிக்கினே வருவான்.”

என் கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

“இப்ப இவ்ளோ நாளா தொட்டுக்கினே கெடக்கறேன்” என்றார் அத்தை. “இன்னும் எத்தினி வாட்டி தொட்டா அவனுக்குக் கோவம் வரும்?”

அந்த ஒரு போனுக்கு மட்டும் விளம்பரம் போகாமல் செய்ய வழி இருக்கிறது. பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருந்தேன். என் போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. கை பைக்குள் போகவே மாட்டேன் என்றது.

“நீ ஒருவாட்டி கூட தொட்டதில்லியா வெனிலா?”

“இல்ல அத்த.”

எப்படித் தொடுவேன்? கல்யாணம் ஆனதிலிருந்து எல்லா விதியும் எனக்கு மனப்பாடம். அதனாலேயே அவர் என்னைத் திட்டியதே இல்லை.

அத்தை என்னைப் பார்த்தார். பாவம் என்று நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நகர்ந்து எனக்கு இடம் விட்டு, போனை என் பக்கம் திருப்பினார்.

கணக்கு போய்விடும் என்று தெரியும். தளம் போய்விடும், அதற்குப் பின்னால் வீடும் போகும் என்று தெரியும். தெரிந்தேதான் தொட்டேன்.

தண்ணீர்த் தொட்டி திறந்தது.

அத்தை போனை எடுத்து, ரிங் சத்தம் குறைந்திருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.