அணைக்கு மேலே அப்பா, கீழே அம்மா

ஓர் ஆற்றில் அணைக்கு மேலே அப்பா நீர்நாயும் கீழே அம்மா நீர்நாயும் தனித்தனியாக வாழ்ந்தன. தேய்பிறையில் குட்டி அப்பாவிடம், வளர்பிறையில் அம்மாவிடம் என்று பேசி வைத்திருந்தன. வெள்ளம் வந்தால் மீன்பிடிக்கும் பாடம் நின்று, குட்டிகளுக்குப் பத்து நாள் விடுமுறை. அந்த வருடம் வெள்ளம் அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால் வந்து தொலைத்தது. விடுமுறையில் பாதி அப்பாவுக்கு, பாதி அம்மாவுக்கு.

“அஞ்சு நாள்ல அருவிக்குப் போய்த் திரும்ப முடியாது. பத்து நாளும் எங்கூட இருக்கட்டும்,” என்றது அப்பா. “அருவி பாக்கணும்னு அவனே கேட்டான்.”

“அளக்காதீங்க. கழிமுகத்துக்குப் போய் நண்டு தின்னணும்னு என்னைப் பிடுங்கி எடுத்ததே அவன்தான்.”

“என் பிள்ளை எங்கிட்ட பொய் சொல்லுவானா?”

“எங்கிட்ட மட்டும் சொல்லுவானாக்கும்!”

இரண்டும் குட்டியைப் பார்த்தன. அது தலையைக் குனிந்துகொண்டது.

“அருவின்னா அப்பா மீசை நிமிருது. நண்டுன்னா அம்மா மீசை நிமிருது. அதான் சொன்னேன்.”

“சரிடா, உனக்கு எங்கே போகணும்?” என்றது அப்பா.

குட்டி ஒரு மீசையைப் பார்த்தது. மற்ற மீசையையும் பார்த்தது.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. தன் பொந்தில் அது சிரித்த சிரிப்பெல்லாம், ‘மீன் பிரமாதம்ப்பா’ என்றதெல்லாம் எவ்வளவு நிஜம்? கேட்டாலும் குட்டி நல்ல பதிலாகத்தான் சொல்லும்.

“நண்டே தின்னுட்டு வாடா,” என்றது கடைசியில். “அருவி எங்கேயும் ஓடிப் போயிடாது.”

அம்மாவும் குட்டியும் நீரில் இறங்கின. குட்டி நான்கு தடவை திரும்பிப் பார்த்தது. இரண்டும் ஆற்று வளைவில் மறையும்வரை அப்பா மீசையை நிமிர்த்தியே வைத்திருந்தது.